பேஸ்மென்டுக்கு டிஹியூமிடிஃபையர் வாங்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

ரொறன்ரோப் பகுதியில் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்து வீடுகளில் யூன் மாதம் பிறந்ததும் பேஸ்மென்டில் அந்தப் புழுங்கல் மணம் எழும்பும். சூட்கேஸுக்குள் மடித்து வைத்த சேலையில் வெள்ளைப் பொட்டு, கோல்ட் ரூமில் அரிசி மூட்டையின் அடியில் ஈரம், காபெட்டில் வெறுங்காலை வைத்தால் பிசுபிசுப்பு. உடனே கடைக்குப் போய், பெட்டியில் இத்தனை பைன்ட், இத்தனை சதுர அடி என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக இழுத்து வாளியில் விடும் டிஹியூமிடிஃபையர் மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் வழக்கம். அதன் பிறகு மெஷின் ஓடும், வாளி நிரம்பும், ஆள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் மெஷின் தானாக நின்றுவிடும். மணம் போகாது. "இந்த பிராண்ட் சரியில்லை" என்று முடிவு கட்டுவார்கள்.

பெரும்பாலும் பிராண்டில் பிழை இல்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது, இழுத்த தண்ணீர் எங்கே போகப்போகிறது என்ற இரண்டையும் பார்க்காமல் வாங்கியதுதான் பிழை. லீற்றர் கணக்கு அதற்குப் பிறகுதான் வரவேண்டும்.

கோடையில்தான் ஏன்?

நிலத்துக்குள் புதைந்திருக்கும் சுவரும் தளமும் யூலை மாதத்திலும் 17, 18 பாகையில்தான் நிற்கும். வெளியே 28 பாகை வெப்பம், 65% ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். ரொறன்ரோ கோடையில் இது சாதாரண நாள். அந்தக் காற்று 21 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் தன்னிடமுள்ள நீராவியைத் தண்ணீராக விடத் தொடங்கிவிடும். குளிர்ந்த சோடாப் போத்தல் வெளிப்புறம் வியர்ப்பதும் இதனால்தான். ஆகவே "காத்து வரட்டும்" என்று யூலையில் பேஸ்மென்ட் யன்னலைத் திறந்து வைப்பது ஈரத்தை வீட்டுக்குள் அழைத்து வரும் வேலை. நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தவறுகளில் இதுதான் முதலிடம்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மேலே சொன்ன வெளிக்காற்றில் ஒரு கன மீற்றருக்கு 17 முதல் 18 கிராம் வரை நீராவி இருக்கும். பேஸ்மென்டை 20 பாகையிலும் 50% ஈரப்பதத்திலும் வைத்திருக்க வேண்டுமானால் கன மீற்றருக்கு 8.7 கிராம்தான் இருக்கலாம். ஆக, உள்ளே நுழையும் ஒவ்வொரு கன மீற்றர் காற்றும் ஏறக்குறைய 9 கிராம் தண்ணீரைக் கூடுதலாகச் சுமந்து வருகிறது. 750 சதுர அடி பேஸ்மென்ட், கூரை உயரம் 2.2 மீற்றர் என்றால் கொள்ளளவு சுமார் 153 கன மீற்றர். கதவிடுக்கு, யன்னலிடுக்கு, மாடிப்படி வழியாக மணிக்கு அதில் 0.3 பங்கு காற்று மாறுகிறது என்று வைத்தால், ஒரு நாளைக்கு 10 லீற்றர் தண்ணீர். யாரும் குளிக்கவில்லை, சமைக்கவில்லை, குழாய் ஒழுகவில்லை. வெறும் காற்று மட்டும் கொண்டு வந்தது இது.

இன்னொன்று. அறை நடுவில் வைத்த மீற்றர் 22 பாகை, 60% என்று காட்டினால் "பரவாயில்லை" என்று தோன்றும். அதே காற்று 17.5 பாகையில் இருக்கும் சுவரைத் தொடும் இடத்தில் ஈரப்பதம் 79% ஆகிவிடும். பூஞ்சணம் வளர்வது அங்கேதான்: சோபாவின் பின்பக்கம், அலுமாரிக்கும் வெளிச்சுவருக்கும் இடைப்பட்ட இருட்டு, தளத்தில் நேரடியாக வைத்த கார்ட்போர்ட் பெட்டியின் அடி. கோடையில் 50% அளவிலும் குளிர்காலத்தில் 30% அளவிலும் வைத்திருக்கும்படி ஹெல்த் கனடா சொல்வதற்குப் பின்னால் இந்த இடைவெளியும் இருக்கிறது.

காற்று ஈரமா, சுவர் ஈரமா?

இதைத் தெரியாமல் காசைச் செலவழிக்க வேண்டாம். 60 சென்ரிமீற்றர் சதுரமாகத் தடித்த பொலித்தீன் ஒன்றை வெட்டி, வெறும் கொங்கிரீட் சுவரிலோ தளத்திலோ நான்கு பக்கமும் டேப் அடித்து ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பொலித்தீனுக்கு மேலே, அறைப் பக்கத்தில் துளிகள் இருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. அதற்கு டிஹியூமிடிஃபையர் சரியான மருந்து. பொலித்தீனுக்கு உள்ளே, கொங்கிரீட் பக்கத்தில் துளிகள் இருந்தாலோ கொங்கிரீட் கறுத்திருந்தாலோ, மண்ணிலிருந்து ஈரம் ஊறி வருகிறது. சுவரில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அதுவும் இதே கதைதான். தண்ணீர் கொங்கிரீட்டுக்குள்ளால் வந்து உலர்ந்துபோய் உப்பை விட்டுவிட்டுப் போகிறது.

மண்ணிலிருந்து வருகிறதென்றால் மெஷின் வாங்குமுன் மழை நாளில் குடையோடு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடக்க வேண்டும். கூரைத் தண்ணீர் இறங்கும் டவுன்ஸ்பவுட் சுவரடியிலேயே கொட்டுகிறதா? ஒரு நீட்டுக் குழாய் போட்டு இரண்டு மீற்றராவது தள்ளி விடுங்கள். சுவரோர மண் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா? மண் போட்டு வெளிப்பக்கம் சரிவாக்குங்கள். யன்னல் கிணற்றில், அதாவது பேஸ்மென்ட் யன்னலுக்கு வெளியே உள்ள பள்ளத்தில், இலை அடைத்துத் தண்ணீர் நிற்கிறதா? கூரையோரக் கட்டர் நிரம்பி வழிகிறதா? சில்லறைச் செலவில் முடியும் இந்த வேலைகளாலேயே ஈரம் கணிசமாகக் குறையும் வீடுகள் நிறைய. சுவரில் வெடிப்பு வழியாகத் தண்ணீரே ஓடி வருகிறதென்றால் அது வோட்டர்புரூஃபிங் ஆட்களின் வேலை. எத்தனை பைன்ட் மெஷினாலும் ஓட்டையை அடைக்க முடியாது.

உள்ளேயும் பார்க்க வேண்டியவை சில. டிரையரின் பின்னாலுள்ள குழாய் கழன்று சூடான ஈரக்காற்றைப் பேஸ்மென்டுக்குள்ளேயே ஊதிக்கொண்டிருக்கும்; பலர் அதை ஆண்டுக் கணக்கில் கவனிப்பதில்லை. குளிர்காலத்துக்காக, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸில் பூட்டிய ஹியூமிடிஃபையர் கோடையிலும் திறந்தே கிடக்கும். ஒரு மெஷின் ஈரம் போட, மற்றது ஈரம் எடுக்க, இரண்டுக்கும் நீங்கள் பில் கட்டுவீர்கள். புது வீடுகளில் இருக்கும் எச்.ஆர்.வி. வெளிக்காற்றை உள்ளே தள்ளும் கருவி. அது ஈரத்தை எடுக்காது. புழுக்கமான நாட்களில் அதைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். நிலத்தடித் தண்ணீர் வந்து சேரும் சம்ப் குழிக்கு மூடி இல்லாவிட்டால் ஒரு மூடி போடுங்கள்.

பேஸ்மென்டில் குசினி இருந்தால் அடுப்புக்கு மேலேயுள்ள ஹூட் வெளியே குழாய் போனதா என்று பாருங்கள். பல பேஸ்மென்ட் குசினிகளில் இருப்பது எண்ணெயை மட்டும் வடித்துவிட்டு நீராவியைத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதும் வகை. காலையில் புட்டும் இரவில் இடியப்பமும் அவிக்கிற வீட்டில் அந்த ஹூட்டால் ஈர விஷயத்தில் ஒரு பயனும் இல்லை. உள்ளேயே கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டால் ஒரு தடவை துவைத்த உடுப்பிலிருந்து மட்டும் இரண்டு லீற்றருக்கு மேல் காற்றில் கலக்கும்.

எந்த அளவு?

கடைகளில் மூன்று அளவுகள்தான் புழங்குகின்றன: 20 அல்லது 22 பைன்ட், 30 அல்லது 35 பைன்ட், 50 பைன்ட். இது அமெரிக்க பைன்ட். ஒன்று 473 மில்லிலீற்றர். 50 பைன்ட் என்றால் நாளுக்கு 23.7 லீற்றர். ஆனால் எந்த நிலையில் அளந்தது என்பதுதான் கேள்வி.

2019 யூனுக்கு முன்பு வரை 26.7 பாகை வெப்பத்தில், 60% ஈரப்பதத்தில் அளந்து லேபல் ஒட்டினார்கள். அவ்வளவு சூடான பேஸ்மென்ட் யாரிடமும் இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறை விதியை மாற்றி, 18.3 பாகையில் அளக்க வைத்தது. குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு. ஆகவே அதே மெஷினின் எண் சுருங்கியது. பழைய 70 பைன்ட்தான் இன்றைய 50 பைன்ட். பழைய 50, இன்று 30 அல்லது 35. பழைய 30, இன்று 20 அல்லது 22. கிஜிஜியிலும் ஃபேஸ்புக் சந்தையிலும் "70 பைன்ட், பெரிய மெஷின்" என்று விற்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது கடையில் இருக்கும் 50 பைன்டைவிடப் பெரியதும் இல்லை.

இந்தப் புது எண்ணும் 60% ஈரப்பதத்தில் அளந்ததுதான். காற்று காயக் காய மெஷின் இழுப்பது குறையும். 50% வரை கொண்டுவந்து அங்கே நிறுத்தி வைக்க வேண்டுமென்றால், லேபலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பு. மேலே பார்த்த 750 சதுர அடி பேஸ்மென்டில் காற்றால் 10 லீற்றர். மூன்று பேர் குடியிருந்து சமைத்துக் குளித்தால் இன்னும் 4, 5 லீற்றர். ஆக மோசமான நாளில் 15 லீற்றர். 50 பைன்ட் மெஷினின் மூன்றில் இரண்டு பங்கு 16 லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. இப்போதுதான் எண்கள் பொருந்துகின்றன. பெட்டியில் போட்டிருக்கும் சதுர அடியை மறந்துவிடுங்கள். உங்கள் சுவர் கசிகிறதா, வீடு காற்று ஒழுகுகிறதா, புட்டு அவிக்கிறீர்களா என்பது அந்தச் சதுர அடிக்குத் தெரியாது.

சந்தேகம் வந்தால் பெரியதையே வாங்குங்கள். சிறியது கரண்டைச் சேமிக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: கரண்ட் சிக்கனத்துக்குச் சான்று தரும் எனர்ஜி ஸ்டாரின் 2019 ஒக்ரோபர் விதியில் 25 பைன்டுக்கு உட்பட்ட மெஷின் ஒரு கிலோவாட் அவருக்கு 1.57 லீற்றர் இழுத்தால் போதும்; அதற்கு மேல் 50 வரையுள்ளது 1.80 லீற்றராவது இழுக்க வேண்டும். அதாவது ஒரே அளவு தண்ணீருக்குச் சின்ன மெஷின் கூடக் கரண்ட் எடுக்க இடமிருக்கிறது. விலை வித்தியாசமும் பெரிதில்லை. ஒரே ஒரு சிறிய அறை, ஆள் குடியில்லை என்றால் மட்டும் 22 பைன்டைப் பற்றி யோசிக்கலாம்.

50 பைன்டுக்கு மேலே, வீட்டின் காற்றுக் குழாயான டக்ட்டோடு இணைக்கும் பெரிய மெஷின்கள் இருக்கின்றன. பூட்டுக்கூலியோடு ஆயிரக்கணக்கான டொலர் ஆகும். பேஸ்மென்ட் பல அறைகளாகப் பிரிந்து, முழு வீடும் புழுங்கினால் அது நியாயம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

வடிகால்

இதுதான் முக்கியமான இடம். 50 பைன்ட் மெஷினின் வாளி சுமார் 6 லீற்றர். நாளுக்கு இரண்டு தடவை வாளியைக் கொட்டினால் உங்கள் 24 லீற்றர் மெஷின், நடைமுறையில் 12 லீற்றர் மெஷின். ஒரு தடவை கொட்டினால் 6 லீற்றர். வார இறுதிக்கு வெளியூர் போனால் பூச்சியம். ஆகவே வாளியை நம்பி எந்த மெஷினும் வாங்காதீர்கள். கடைக்குப் போகுமுன் பேஸ்மென்டில் தண்ணீர் விட இடம் எங்கே என்று தேடுங்கள்.

ஒன்ராறியோ வீடுகளில் ஃபர்னஸ் அல்லது வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தளத்தில் ஒரு வடிகால் இருக்கும். அதுதான் ஆகச் சிறந்த இடம். மெஷினின் பின்னாலுள்ள துவாரத்தில் சாதாரணத் தோட்ட ஹோஸைப் பூட்டி வடிகாலுக்குள் விட்டால் போதும். பம்ப் வேண்டாம், பழுதாக எதுவும் இல்லை. அதோடு, வடிகாலின் கீழேயுள்ள வளைவுக் குழாயில் தண்ணீர் வற்றாமல் இருப்பதால் சாக்கடை வாயு மேலே வருவதும் நிற்கும்.

இந்த எளிய வேலையிலும் பிழைகள் வரும். ஹோஸ் பூட்டியும் வாளிதான் நிரம்புகிறது என்பது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. துவாரத்தில் ரப்பர் அடைப்பு அப்படியே இருக்கும்; அல்லது ஹோஸ் நடுவில் ஒரு இடத்தில் மேலே வளைந்திருக்கும். தண்ணீர் தன் பாரத்தால் மட்டுமே இறங்குகிறது, ஒரு சென்ரிமீற்றர் மேடு கூட அதை நிறுத்திவிடும். ஹோஸ் முழுவதும் கீழ்நோக்கியே போக வேண்டும், மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றராவது சரிவு வேண்டும். துவாரம் தளத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லாத மொடல்களை இரண்டு கொங்கிரீட் கற்கள் அல்லது உறுதியான பலகை மேடை மேல் 30 சென்ரிமீற்றர் உயர்த்தி வைத்தால் சரிவு தானாகக் கிடைக்கும். பூட்டில் ரப்பர் வாஷர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் துளித்துளியாகக் காபெட்டுக்குள் போகும். ஹோஸுக்குள் வழவழப்பான பாசி படர்ந்து அடைப்பதும் உண்டு. சீசனில் இரண்டு மூன்று தடவை கழற்றி வினாகிரி கலந்த வெந்நீர் ஊற்றிவிடுங்கள். ஒளி புகாத கறுப்பு ஹோஸில் பாசி குறைவு.

தள வடிகால் இல்லை, லாண்டரித் தொட்டி மட்டும்தான் இருக்கிறதென்றால் தொட்டி விளிம்பு ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர் உயரம். இரண்டு வழி. மெஷினைத் தொட்டியைவிட உயரமான வலுவான தட்டில் வைக்கலாம். 18, 20 கிலோ பாரம் அதிர்ந்துகொண்டே இருக்கும், தட்டு அதைத் தாங்க வேண்டும். அல்லது பம்ப் உள்ள மொடல் வாங்கலாம். அந்தப் பம்ப் மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீரை நாலரை மீற்றர் வரை மேலே தள்ளும். ஆனால் மெஷினில் முதலில் சாகும் உறுப்பும் அதுதான். அழுக்கு அடைத்து நின்றுவிட்டால் மெஷின் முழுவதும் நிற்கும். நமது விருப்பம், பம்ப் இல்லாத மெஷினோடு ஏ.சி. ஆட்கள் பயன்படுத்தும் தனிக் கண்டென்சேட் பம்ப் ஒன்றைப் பூட்டுவது. பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். எதுவானாலும் குழாயின் நுனியைத் தொட்டியில் கிளிப் போட்டு இறுக்குங்கள். பம்ப் தள்ளும் வேகத்தில் அது துள்ளி வெளியே விழுந்தால் ஒரு இரவில் பல லீற்றர் தண்ணீர் தளத்தில் நிற்கும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

விசிறி எப்படி ஓடுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. கொம்பிரசர் நின்ற பிறகும் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும் மொடல்களில், குளிர்ந்த கொயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் திரும்ப ஆவியாகி அறைக்கே வரும். கொம்பிரசரோடு சேர்ந்து விசிறியும் நிற்கும் மொடல் அல்லது அதற்கான செட்டிங் உள்ள மொடல் நல்லது. கரண்ட் போய் வந்தால் தானாகத் திரும்ப ஓடுகிறதா என்பது அடுத்தது. சில மொடல்கள் பழைய செட்டிங்கோடு எழும்பும், சிலது அணைந்தே கிடக்கும்; நீங்கள் பயணம் போயிருந்தால் வித்தியாசம் தெரியும். 5 பாகை வரை ஓடும் என்று எழுதியிருந்தால் தானாகப் பனி உருக்கும் வசதி இருக்கிறது என்று பொருள். ஈரப்பதத்தை 45, 50 என்று எண்ணாகக் குறிக்க முடிய வேண்டும். குறைவு, நடுத்தரம், கூட என்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். ஃபோன் அப் இருந்தால் இருக்கட்டும், அதற்காகக் கூடக் காசு கொடுக்க வேண்டாம்.

மெஷினில் காட்டும் ஈரப்பதத்தை அப்படியே நம்பாதீர்கள். அதன் சென்சர் குளிர்ந்த கொயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பத்துப் பதினைந்து டொலருக்கு ஒரு தனி மீற்றர் வாங்கி அறையின் மறுமூலையில் வையுங்கள். அந்த மீற்றர் சரியா என்று பார்க்க வீட்டு உப்பே போதும்: ஒரு போத்தல் மூடியில் உப்பை நிரப்பி, கூழாகும்படி சில துளி தண்ணீர் விட்டு, மீற்றரோடு சேர்த்துக் காற்றுப் புகாத சிப்லொக் பையில் ஓர் இரவு வையுங்கள். 75% காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீற்றர் 5 குறைத்துச் சொல்கிறது, அவ்வளவுதான்.

வாங்கவே கூடாதவை: 50, 60 டொலருக்கு வரும், கொம்பிரசர் இல்லாத, கைக்கடக்கமான பெல்டியர் மெஷின்கள். நாளுக்கு அரை லீற்றர் இழுப்பதே அபூர்வம். நீங்கள் எதிர்கொள்வது 10 லீற்றர். கல்சியம் குளோரைட் டப்பாக்களும் அலுமாரிக்குள் வைக்க மட்டுமே. ஈரத்தை உறிஞ்சும் சக்கரம் வைத்த டெசிகண்ட் வகை நல்ல தொழில்நுட்பம்தான். 10 பாகைக்குக் கீழேயும் நன்றாக வேலை செய்யும். ஆனால் 18, 20 பாகை பேஸ்மென்டில் கொம்பிரசர் மெஷினைவிட அதிகக் கரண்ட் எடுத்து, அதிகச் சூடும் தரும்.

பழைய மெஷின் வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். க்ரீ நிறுவனம் தயாரித்து, 2005 ஜனவரியிலிருந்து 2013 ஓகஸ்ட் வரை விற்பனையான டிஹியூமிடிஃபையர்கள் தீப்பிடிக்கும் அபாயத்தால் 2013 செப்டெம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் திரும்பப் பெறப்பட்டன. அவை டான்பி, ஃப்ரிஜிடேர், கென்மோர், சோலஸ்எயார் என்று பல பெயர்களில் விற்கப்பட்டவை. வெளியே பார்த்தால் க்ரீ என்றே தெரியாது. 2021 ஓகஸ்டில் நியூ வைட்டெக் தயாரித்த சுமார் 20 லட்சம் மெஷின்களுக்கும் அதே கதி. பின்பக்க ஸ்டிக்கரிலுள்ள மொடல் எண்ணை ஹெல்த் கனடாவின் திரும்பப் பெறும் பட்டியலில் தேடாமல் எந்தப் பழைய மெஷினையும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். இருபது டொலருக்குக் கிடைக்கிறது என்பது ஒரு காரணமே அல்ல.

வைக்கும் இடமும் முதல் இரண்டு வாரமும்

காரில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி ஒரு நாள் விட்டுவிட்டுத்தான் போட வேண்டும். கொம்பிரசர் எண்ணெய் தன் இடத்துக்கு இறங்கட்டும். சுவர் பிளக்கில் நேரடியாகக் குத்துங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். அதே சேர்க்கிட்டில் ஸ்பேஸ் ஹீட்டரும் வேண்டாம். மெஷினைச் சுற்றி 30 சென்ரிமீற்றர் வெளி விடுங்கள். எல்லா அறைக்கும் பொதுவான நடையில் வைப்பது நல்லது. அறைக்கதவை மூடி வைத்தால் அந்த அறைக்கு மெஷின் இல்லாததும் ஒன்றுதான். கோல்ட் ரூம் கதவு மட்டும் விதிவிலக்கு. போர்ச்சுக்குக் கீழேயுள்ள அந்த அறையில் வெளியே திறந்த துவாரம் இருக்கும். கதவைத் திறந்து வைத்தால் ஊரிலுள்ள ஈரத்தையெல்லாம் இழுக்கப் பார்ப்பீர்கள். கதவோரத்தில் ரப்பர் பட்டி ஒட்டி மூடி வையுங்கள். அரிசி மூட்டையைக் கோடையில் அங்கே வைக்காதீர்கள்.

பேஸ்மென்ட் யன்னல்களை மூடுங்கள். மேல் வீட்டு ஏ.சி.யின் காற்றுத் துவாரங்கள் பேஸ்மென்டில் திறந்திருந்தால் மூடிவிடுங்கள், அல்லது பெருமளவு குறையுங்கள். ஏற்கனவே குளிர்ந்த இடத்தை மேலும் குளிர்வித்தால் ஈரப்பதம் ஏறும். வெப்பம் ஒரு பாகை கூடினால் ஈரப்பதம் ஏறக்குறைய 3 புள்ளி இறங்கும். மெஷினும் ஓடும்போது அறையைச் சற்று சூடாக்கும். பழுதில்லை, ஆவி தண்ணீராகும்போது விடும் வெப்பமும் மெஷின் எடுக்கும் கரண்டும் சேர்ந்து அறைக்குள்ளேயே தங்குகின்றன. நாளுக்கு 10 லீற்றர் இழுத்தால் 500 வாட் ஹீட்டர் ஒன்று ஓயாமல் எரிவதற்குச் சமம்.

செட்டிங் 50. மணம் போகாவிட்டால் 45. அதற்குக் கீழே போய் மரத்தளத்தைச் சுருங்க வைக்கத் தேவையில்லை. முதல் ஒன்றிரண்டு வாரம் மெஷின் நிற்காமல் ஓடும். காற்றிலுள்ள ஈரம் முதல் நாளிலேயே குறைந்துவிடும், ஆனால் சுவர்ப்பலகை, காபெட், சோபா, பெட்டிகள் எல்லாம் மாதக்கணக்கில் குடித்து வைத்த ஈரத்தை மெல்ல விடும். புது வீட்டில் கொங்கிரீட்டே ஒன்றிரண்டு வருடம் ஈரம் விட்டுக்கொண்டிருக்கும். அந்த இரண்டு வாரத்துக்குள் மெஷினுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

செலவு: கிலோவாட் அவருக்கு 1.8 லீற்றர் என்றால் 10 லீற்றருக்கு ஐந்தரை கிலோவாட் அவர். நான்கு மாதம் சராசரியாக நாளுக்கு 6 லீற்றர் இழுத்தால் மொத்தம் 400 கிலோவாட் அவர். ஒரு கிலோவாட் அவருக்கு எல்லாம் சேர்த்து 15 சதம் என்று வைத்தால் கோடை முழுவதற்கும் 60 டொலர். 50% செட்டிங்கில் திறன் குறைவதால் இதைவிடக் கொஞ்சம் கூடும். ஹைட்ரோ (கரண்ட்) பில்லுக்குப் பயந்து இரவில் நிறுத்தி வைக்கும் அளவுக்குத் தொகை இல்லை.

பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு இது வேறு கணக்கு. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் பராமரிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. "வாளியை நீங்கள் கொட்டுங்கள்" என்று குடியிருப்பவரிடம் சொல்லிவிட்டு மெஷினைக் கொடுத்தால் அது ஓரிரு வாரத்தில் மூலைக்குப் போய்விடும். மெஷினைப் படுக்கையறைக்கு வெளியே, நேரடி வடிகாலோடு பூட்டுங்கள்; கரண்ட் யார் கணக்கு என்பதை முதலிலேயே பேசி வையுங்கள்.

ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

முதலில் அறை ஈரப்பதத்தைப் பாருங்கள். 48 இருந்தால் மெஷினில் பிழையில்லை, வேலை முடிந்துவிட்டது. 60க்கு மேல் இருந்தும் வரவில்லை என்றால் ஃபில்டர். இரண்டு வாரத்துக்கொரு தடவை தட்டிக் கழுவாவிட்டால் காற்று குறைந்து கொயிலில் பனிக்கட்டி பிடிக்கும். கொயில் முழுவதும் பனி என்றால் காற்று போதாது அல்லது அறை மிகவும் குளிர்; நிறுத்தி உருகவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். கொயிலின் ஒரு மூலையில் மட்டும் பனி, மற்றப் பக்கம் காய்ந்திருக்கிறது என்றால் உள்ளேயுள்ள குளிர்வாயு கசிந்திருக்கிறது. பனியே இல்லை, குளிரும் இல்லை என்றால் கொம்பிரசர் ஓடவில்லை. இருபது முப்பது டொலர் வாட் மீற்றர் ஒன்று இதை ஒரு நிமிடத்தில் சொல்லும்: விசிறி மட்டும் ஓடினால் 50 வாட் அளவு, கொம்பிரசரும் சேர்ந்தால் 400 வாட்டுக்கு மேல். நிறுத்திய உடனே திரும்பப் போட்டால் மூன்று நிமிடம் கொம்பிரசர் எழும்பாது, அது பாதுகாப்புக்காக வைத்த தாமதம்.

வாயு கசிந்ததையோ கொம்பிரசர் போனதையோ திருத்தும் கூலி புது மெஷின் விலையை எட்டும். உத்தரவாதம் இருந்தால் அதைப் பிடியுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். இல்லாவிட்டால் மாற்றுவதுதான். குப்பையோடு வெளியே வைக்கக் கூடாது, உள்ளே குளிர்வாயு இருக்கிறது. நகராட்சியின் டிப்போவுக்குக் கொண்டுபோங்கள்.

செத்த மெஷின் அல்ல, உயிரோடு இருப்பதை ஒக்ரோபரில் நிறுத்தும்போது வாளியைக் கொட்டி வினாகிரியால் கழுவுங்கள், விசிறியை மட்டும் ஒரு நாள் ஓடவிட்டுக் கொயிலைக் காய வையுங்கள், ஹோஸைக் கழற்றி வடிய விடுங்கள், பிறகு நிமிர்த்தியே மூடி வையுங்கள். வெளியே குளிர் இறங்கிவிட்டால் காற்று தானே காய்ந்துவிடும். யனவரியில் பேஸ்மென்ட் மீற்றர் 30, 35 காட்டும்போது இந்த மெஷினுக்கு அங்கே வேலை இல்லை. அப்போதும் 55க்கு மேல் காட்டுகிறதென்றால் ஈரம் வீட்டுக்குள்ளிருந்தோ சுவருக்குள்ளிருந்தோ வருகிறது. டிரையர் குழாய், குசினி ஹூட், பொலித்தீன் சோதனை என்று மறுபடி தொடங்குங்கள்.